மெஸ் நோட்டின் மறுபக்கம்

வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே, என்றைக்காவது ஒரு நாவல் எழுதிவிட வேண்டும் என்று மனசுக்குள் போட்டு வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

உங்களில் பலரை முகம் பார்த்துத் தெரியும். நவம்பரில் ஷார்ஜா எக்ஸ்போ சென்டரில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது தமிழ்ப் புத்தகம் இருக்கும் பக்கமாக நின்று புரட்டிக்கொண்டே, "அண்ணே, நம்ம கேம்ப் கதையை எழுதினாலே ஆயிரம் பக்கம் வரும்" என்று சொன்னவர் நீங்கள்தான். "எழுதேன்பா" என்றால், "ஊருக்குப் போயி செட்டில் ஆனதும் நிம்மதியா உக்காந்து எழுதணும்ணே" என்பீர்கள். இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நானும் சொன்னவன்தான். அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. இந்த வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். காகித நோட்டு. நாவலை அதில் எழுதச் சொல்லவில்லை. நாவலுக்கு வேண்டிய சரக்கை இங்கேயே, இப்போதே அதில் இறக்கி வையுங்கள் என்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். சிமென்ட், கம்பி, கையுறை, ஹெல்மெட் என்று வந்ததையும் போனதையும் எழுதி வைப்பது பிழைப்பு. இங்கே வந்து இறங்கியது 2004-இல். 2011-இல் நாற்பத்தைந்து நாள் லீவு கிடைத்தது. ஊரில் மாடியறையைக் கழுவித் துடைத்து, மேசை போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு நாவலை ஆரம்பித்தேன். முதல் அத்தியாயம், நான் வந்து இறங்கிய முதல் ராத்திரி. பேனாவை எடுத்ததும் வரிசையாகச் சந்தேகம். அறையில் எத்தனை கட்டில்? ஆறு என்று ஞாபகம். ஆனால் பத்துப் பேர் சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் இருந்ததா? ஊருக்குப் பேசும் கார்டு என்ன விலை? அந்த வாரம் ஆயிரம் ரூபாய் அனுப்ப எத்தனை திர்ஹம் ஆனது? கக்கூஸ் வரிசையில் காலையில் யார் முதலில் நிற்பார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. கைவசம் இருந்தவை மூன்று சொற்கள்: பாலைவனம், தனிமை, கண்ணீர். இவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுப் பதினோரு பக்கம் ஓட்டினேன். வீட்டுக்காரி படித்துப் பார்த்தாள். "அதெல்லாம் சரி, நீங்க அங்க என்னதான் சாப்பிட்டீங்க? அதைக் காணுமே" என்றாள்.

பதினோரு பக்கத்தையும் அன்றைக்கே மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகினேன். அவள் கேட்டதற்குப் பதில் ஷார்ஜாவில் என் கட்டிலுக்கடியில் இருந்தது.

திரும்பி வந்து பெட்டியைக் குடைந்தபோது எங்கள் அறையின் பழைய மெஸ் நோட்டு அகப்பட்டது. மெஸ் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறை வைத்துச் சமைத்து, மாசக் கடைசியில் கணக்குப் பார்ப்பது. நோட்டு இங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது, வலப்பக்கமிருந்து திறக்கும். நாங்கள் நம் பழக்கத்துக்கு இடப்பக்கமிருந்து எழுதியிருந்தோம், அதாவது அரபிக்காரருக்குப் பின்னட்டை எங்களுக்கு முன்னட்டை. உள்ளே எண்ணெய்க் கறை, மஞ்சள் விரல் பதிந்த இடம், நாலைந்து பேருடைய கையெழுத்து. அரிசி மூட்டை, துவரம் பருப்பு, தக்காளிப் பெட்டி, கேஸ் சிலிண்டர். வெள்ளிக்கிழமைதோறும் மீன். அப்போது வெள்ளிதான் விடுமுறை. ஆகவே ஜுபைல் மார்க்கெட்டுக்குப் போய் மத்தியோ பாறையோ வாங்கிவந்து குழம்பு வைப்பது வெள்ளிக்கிழமைச் சடங்கு.

பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன். 2009 மார்ச். எங்கள் அறைவாசி ஒருவர் பெயருக்கு நேரே, 'மீன் இல்லை.' அடுத்த வெள்ளியும் 'மீன் இல்லை.' அதற்கடுத்த வெள்ளியும். எண்ணிப் பார்த்தால் பதினான்கு வெள்ளிக்கிழமை. மீனுக்கான பங்கை அவர் கணக்கில் கழித்திருக்கிறது, என் கையெழுத்திலேயே. கடற்கரை ஊர்க்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுஷர். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, அவர் பங்கை வாராவாரம் நானே கழித்து எழுதியிருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

தோன்றியபோது இரண்டு வருஷம் கடந்திருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2009 என்றால் துபாயில் கிரேன்கள் நின்ற வருஷம். வேலை நின்று கம்பெனிகள் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரம், ஓவர்டைமும் கிடையாது. அவருக்குத் தங்கச்சி கல்யாணம் இருந்தது. ஆக, மீனை விட்டு மிச்சம் பிடித்திருக்கிறார்! என் நாவலின் மூன்றாவது அத்தியாயம் அங்கேயே உருவாகிவிட்டது. அவர் மீன் குழம்பு வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதாக ஒரு காட்சி. எனக்கே கண் கலங்கியது. அந்தக் காட்சி பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

மெஸ் கணக்கு நாவலாகுமா என்று சிரிக்காதீர்கள். அகதா கிறிஸ்டி விட்டுப்போன நோட்டுகள் 73. மர்மக் கதைகளின் ராணி ஆயிற்றே, கொலைக்கு ஒரு நோட்டு, துப்பறிவதற்கு ஒரு நோட்டு என்று ஒழுங்காக வைத்திருப்பார் என்று நினைப்போம். கிடையாது. சாதாரண எழுதுநோட்டுகள், எது முதல், எது கடைசி என்று ஒழுங்கில்லை, ஒரே கதைக்கான யோசனை பல நோட்டுகளில் சிதறிக் கிடக்கும், நடுவே வாங்கவேண்டிய சாமான் பட்டியலும் வீட்டு விவகாரமும். யார் யாரைக் கொல்லலாம் என்று யோசித்த தாளிலேயே வீட்டுச் சாமானும் இருக்கிறது. நம் மெஸ் நோட்டுக்கு இது மதிப்பான துணை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஆள் ஒருவர் இருக்கிறார். வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை, கணக்கும் வியாபாரமும் மொழிபெயர்ப்பும் தொழில், ராத்திரி தமிழில் நோட்டு. ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷ். 1736-இல் தொடங்கி 1761-இல் சாகிறவரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துரை யாரிடம் என்ன சொன்னார், ஊரில் யாருக்கு யார்மேல் புகைச்சல் என்று எல்லாம் இருக்கிறது. கதை எழுதும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. எழுதியது எண்பத்தைந்து வருஷம் வீட்டுக்குள் கிடந்து 1846-இல்தான் வெளியே தெரியவந்தது. அதிலிருந்துதான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' நாவலையும் 'வானம் வசப்படும்' நாவலையும் எழுதினார்; இரண்டாவதுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது. துபாஷ் வேலையை இன்றைக்கு இங்கே செய்பவர்கள் யார்? அரபாப், அதாவது அரபு முதலாளி, சொல்வதை ஃபோர்மேனுக்கும், ஃபோர்மேன் சொல்வதை வேலையாளுக்கும் நாலு பாஷையில் கடத்துகிற டைம்கீப்பர், பி.ஆர்.ஓ., சைட் கிளார்க். உங்களில் பாதிப்பேர் அந்த வேலையில்தானே இருக்கிறீர்கள்.

நம் வளைகுடாக் கதைகள் தமிழில் இல்லாமல் இல்லை. துபாயில் இருந்துகொண்டே நாகூரையும் துபாயையும் சிறுகதையாக்கிய ஆபிதீன் இருக்கிறார். சவுதி வாழ்க்கையை வைத்து மீரான் மைதீன் 'அஜ்னபி' எழுதியிருக்கிறார். பிழைப்புக்குக் கடல் கடந்து போனவரைச் சொல்லும் சபுராளி என்ற சொல்லே நம் கடற்கரை ஊர்களில் ஒரு நாவல் அளவுக்குப் பாரம் தூக்கும். ஆனாலும் நாம் இங்கே இருக்கும் தலைக்கணக்குக்கும் எழுதியிருக்கும் பக்கக்கணக்குக்கும் ஒத்துவரவில்லை என்பது என் குறை. ஷார்ஜா கண்காட்சி 1982-இலிருந்து நடக்கிறது. அங்கே மலையாளிகள் குடும்பத்தோடு வந்து புத்தகத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். நல்ல எரிச்சல்தான்.

மலையாளிகளின் எழுத்தாளர் பென்யாமினை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் பஹ்ரைனுக்கு வேலைக்கு வந்தவர், 2013 வரை அங்கே இருந்தார். 'ஆடு ஜீவிதம்' 2008-இல் வெளிவந்தது. தேதியைக் கவனியுங்கள், ஊருக்குப் போய் செட்டில் ஆவதற்கு ஐந்து வருஷம் முன்னால். சவுதிப் பாலைவனத்தில் ஆட்டுத் தொழுவத்தில் மாட்டிக்கொண்ட நஜீப் என்ற மனிதரைத் தேடிப் போய், அவர் வாயால் கேட்டு எழுதிய கதை. 2024 மார்ச்சில் படம் வந்தபோது, இதில் நடந்தது எவ்வளவு, பென்யாமின் கட்டியது எவ்வளவு என்று பெரிய சண்டை. என் கட்சி எளியது: கட்டுவதற்கு உரிமை உண்டு, ஆனால் எது கேட்டது, எது கட்டியது என்று எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நோட்டு வேண்டும். அவரே பின்னால் 'அல் அரேபியன் நாவல் ஃபாக்டரி' என்று ஒன்று எழுதினார். ஒரு பெரிய எழுத்தாளரின் நாவலுக்காகத் தகவல் திரட்ட ஓர் அரபு நகரத்துக்கு ஒரு குழு வந்து இறங்கும் கதை. யோசித்துப் பாருங்கள், வெளியிலிருந்து காசு கொடுத்து ஆள் அனுப்பித் திரட்டவேண்டிய தகவலின் மேல்தான் நாம் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

சரி, நோட்டில் என்ன எழுதுவது? நாவல் எழுதுவது எப்படி என்று புத்தகம் போட்டவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்டோர்தான். அதிலிருந்தே சொல்கிறேன்.

ஸ்டோரில் ஒவ்வொரு சாமானுக்கும் அது இருக்கும் தட்டிலேயே ஓர் அட்டை தொங்கும். பின் கார்டு என்போம். தேதி, வரவு, செலவு, இருப்பு என்று கட்டம். கையுறை நூறு ஜோடி வந்தால் வரவு நூறு. ஃபோர்மேன் முப்பது வாங்கினால் செலவு முப்பது, இருப்பு எழுபது. ஆடிட்டர் வந்து எண்ணும்போது அட்டையில் எழுபதும் தட்டில் அறுபத்தெட்டும் இருந்தால் என் கழுத்துக்குத் துண்டு. நாவலிலும் வாசகர்தான் ஆடிட்டர். முதல் அத்தியாயத்தில் நாயகன் மனைவிக்கு இரண்டு பவுன் சங்கிலி எடுக்கிறான் என்று வையுங்கள். அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வரவு: தேரா கோல்ட் சூக், முதல் வெக்கேஷனுக்கு முந்தின வாரம். செலவு: மச்சான் விசாவுக்காகக் கூட்டுறவு பாங்கில் அடகு. வரவு: மீட்டது. செலவு: வீட்டுக்குக் கூரை போடும்போது மறுபடி அடகு, இந்தத் தடவை சேட்டுக் கடை. எட்டாவது அத்தியாயத்தில் அவள் கல்யாண வீட்டுக்குப் போகும்போது கழுத்தில் என்ன இருக்கிறது? பக்கத்தைப் புரட்டினால் தெரியும். கவரிங். அதைப் பார்க்கிற நாத்தனார் என்ன சொல்வாள்? காட்சி தானாக வந்து நிற்கும், நீங்கள் போய் இழுத்துவர வேண்டியதில்லை.

நகைக்கு மட்டுமல்ல, சேதிக்கும் பின் கார்டு போடலாம். இது வளைகுடாக் கதைக்கு உயிர். ஊரில் ஒருவனுடைய அப்பா இறந்துபோகிறார். செய்தி முதலில் அவனுக்கு வராது. அறையில் இருக்கும் சொந்தக்காரனுக்கு வரும். டூட்டி முடிந்து சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்பார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அறையில் ஒருவருக்குத் தெரியும். நாலு மணிக்கு மூன்று பேருக்கு. ஐந்தரைக்கு வேன் டிரைவருக்குக்கூடத் தெரியும். அவனுக்குத் தெரியாது. எல்லோரும் அன்றைக்கு அவனிடம் கொஞ்சம் அதிகமாகவே அன்பாக இருக்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "என்னடா எல்லாரும் இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க" என்கிறான். யாருக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று கட்டம் போட்டு வைத்துக்கொண்டால்தான் இந்தக் காட்சியை நடுங்காமல் எழுத முடியும். தலையில் வைத்திருந்தால் குழம்பும். குழம்பினால் கண்ணீர், தனிமை என்று போட்டு மெழுகிவிடுவோம்.

இன்னொன்று, நோட்டைத் திறந்தால் எதிரெதிராக இரண்டு பக்கம் இருக்கிறதே, அதுவே நமக்காகச் செய்தது மாதிரி. இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் இங்கே. ஒரே தேதி, ஒரே வரிசை. இங்கே அமீரகத்தில் ஆறரை மணி என்றால் ஊரில் எட்டு. சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன்காரர்களுக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம். அவன் டூட்டி முடிந்து குளித்து போனை எடுக்கும்போது அங்கே குழந்தை தூங்கியிருக்கும். இது ஒரு நாள் நடந்தால் சம்பவம். நாலு வருஷம் தினமும் நடந்தால் அதுவே நாவல். வருஷக்கணக்கிலும் இப்படிப் போடுங்கள். அவன் லீவில் போன மாசங்களை வலப்பக்கம் குறித்துவிட்டு, அந்தந்த மாசத்தில் பிள்ளையின் வயசை இடப்பக்கம் எழுதிப் பாருங்கள். பூஜ்யம், இரண்டு, நாலு, ஆறரை. ஒரு தகப்பன் பார்த்த பிள்ளை மொத்தமே நாலு பிள்ளை. எனக்கு இந்தக் கணக்கு வந்த அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு வெளியே போய்ச் சுலைமானி டீ குடித்தேன்.

போனிலேயே எழுதினால் என்ன என்பீர்கள். எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. என் போன் ஒரு ஆகஸ்ட் மாசம் கியூரிங் தண்ணீர் டிரம்முக்குள் விழுந்தது. எட்டு மாசத்துக் குறிப்பு அதோடு சரி. பேக்கப் என்று ஒன்று இருப்பது விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எண்ணெய், கேஸ் பிளாண்ட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குப் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சட்டைப்பை நோட்டை யாரும் கேட்பதில்லை. கேட்காமல் ஒருவரைப் படம் எடுப்பது அமீரகத்தில் சட்டப்படி குற்றமாகலாம். ஆகவே கட்டில் அடுக்கை, வேன் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறவரின் கழுத்துத் துண்டை, எழுத்தில்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது நாவலுக்கு நல்லதுதான். படம் எடுத்தவன் பார்ப்பதை நிறுத்திவிடுவான்; எழுதுகிறவன் துண்டு என்ன நிறம் என்று மறுபடி நிமிர்ந்து பார்ப்பான்.

நேரம் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் வெயிலில் வேலை செய்யக் கூடாது, மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றிலிருந்து நாலு. எல்லோரும் அட்டை விரித்துத் தூங்குவார்கள். தூங்கத்தான் வேண்டும், உடம்பு முக்கியம். கடைசிப் பத்து நிமிஷத்தில் மூன்று வரி போதும். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு அந்தப் பத்து நிமிஷமும் வாய்க்காது என்பது எனக்குத் தெரியும். துவரங்குறிச்சியில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத காலத்தில் எழுத்தாளர் சல்மா ராத்திரி கழிப்பறைக்குள் நின்று கவிதை எழுதினார். எழுதிய தாளை ஒளித்துவைத்து அம்மா மூலம் வெளியே அனுப்பினார். அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. அவரை உதாரணம் காட்டி உங்களை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு கஷ்டம் யாருக்கும் வேண்டாம். ஆனால் ஒளித்து வைக்க முடிந்த சாமான் என்று பார்த்தால் போனைவிடத் தாள்தான்.

தமிழ் சரியாக எழுத வராது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் என்னிடம் இதைச் சொல்கிறார்கள். நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் படித்தது மலையாளத்தில். தமிழைத் தமிழ் எழுத்தில் சரளமாக எழுத அவருக்கு வந்ததில்லை. பேசுகிற தமிழை மலையாள எழுத்தில் எழுதுவார். வேறொருவர் தமிழ் எழுத்துக்கு மாற்றுவார். அப்படி வந்தவைதான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும், 1997-இல் அகாதெமி விருது வாங்கிய 'சாய்வு நாற்காலி'யும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினாலும் நோட்டு கோபித்துக்கொள்ளாது. பள்ளி ஆசிரியர் யாரும் சிவப்பு மையோடு வரப்போவதில்லை.

'நான்' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்போம். நான் வந்தேன், நான் பட்டேன், நான் அழுதேன். ஆரம்பியுங்கள், தப்பில்லை. 'குற்றமும் தண்டனையும்' நாவலையே தஸ்தயேவ்ஸ்கி முதலில் கொலைகாரன் வாய்மொழியாகத்தான் எழுதிப் பார்த்தார். சரிப்படவில்லை, 1865 கடைசியில் எழுதியதை எரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். அந்த நாவலுக்கான அவருடைய நோட்டுகள் மூன்று மிஞ்சியிருக்கின்றன. 'நான்' எப்படி 'அவன்' ஆனது என்ற தடுமாற்றம் அவற்றில் தெரியும். நாவலை எரித்த மனிதர்கூட நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தார் பாருங்கள். என் நோட்டிலும் ஒரு பக்கத்தில் 'நான்' எல்லாவற்றையும் அடித்து மேலே 'ஸ்டோர்காரன்' என்று எழுதியிருக்கிறேன். எழுதியதும், இத்தனை நாள் என் கண்ணுக்குப் படாத ஒன்று பட்டது. ஸ்டோர்காரன் அவ்வளவு நல்லவன் இல்லை. மீன் பங்கைக் கழித்து எழுதியவன். ஏன் என்று கேட்காதவன்.

சில்லறை விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்து திர்ஹம் கடை நோட்டே போதும். தோல் அட்டை போட்ட விலை உயர்ந்ததை வாங்கினால் அழுக்காகிவிடும் என்று எழுதவே மாட்டீர்கள். மைப்பேனா வேண்டாம். ஆகஸ்ட் வியர்வைக்குப் பக்கம் முழுக்க நீலக்குளம் ஆகும். பென்சில் அல்லது பால்பாயின்ட். கடை பில்லை அப்படியே ஒட்டாதீர்கள், அந்த வழவழத் தாள் ஒரு கோடையில் வெள்ளையாகிவிடும். விலையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிகள் வருஷக் கடைசியில் கொடுக்கும் டைரியில் ஹிஜ்ரி தேதியும் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வருஷம் ரமலான் கோடையில் வந்தது என்று பின்னால் உங்கள் நாவலுக்கு வேண்டியிருக்கும். உண்மைப் பெயர், பாஸ்போர்ட் நம்பர், பத்தாக்கா (அடையாள அட்டை) நம்பர் எதையும் எழுத வேண்டாம். நோட்டு யார் கையிலும் அகப்படலாம். ஊருக்குப் போகும்போது லக்கேஜில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். முப்பது கிலோவுக்கு மேல் போய்விட்டது என்று கவுன்ட்டரில் பெட்டியைப் பிரிக்கும்போது டைகர் பாமை யாரும் எடுக்க மாட்டார்கள், முதலில் வெளியே வருவது நோட்டாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த மீன் விஷயம்.

மூன்றாம் அத்தியாயத்தை நாலு தடவை எழுதிவிட்டேன். தங்கச்சி கல்யாணம், மிச்சம் பிடித்த காசு, குழம்பு வாசனைக்குத் திரும்பிய முகம், எல்லாம் கச்சிதம். ஆனாலும் அவர் உயிரோடு இருக்கிறார், கேட்காமல் எழுதுவது உறுத்தியது. அவர் 2013-இலேயே முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். படகுத்துறைப் பக்கம் பெட்டிக்கடை. ஒரு ராத்திரி போன் போட்டேன். சுற்றி வளைத்து, "அண்ணே, 2009-ல மூணு மாசத்துக்கு மேல மீனே திங்கலையே, ஏன்?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு.

"அடேய், கடவாப் பல்லுல பெரிய ஓட்டைடா. முள்ளு போயி சிக்குச்சுன்னா உசிரு போயிரும். அங்க பல் டாக்டருகிட்ட போனா ஒரு மாச சம்பளம்ல கேப்பான்? ஜூன் கடைசில லீவுக்கு வந்தேன்ல, வந்த மறுநாளே ஊர்ல புடுங்கிப் போட்டேன். அது கிடக்கட்டும், உனக்கு யாரு சொன்னா?"

"மெஸ் நோட்டுல இருக்குண்ணே."

"அதை இன்னமும் வச்சிருக்கியா நீ?"

தங்கச்சி கல்யாணத்துக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. பல்வலியோடு பதினான்கு வாரம், டிக்கெட் வரும் நாளை எண்ணிக்கொண்டு, எங்களுக்கு மீனைப் பொரித்துக் கொடுத்துவிட்டுத் தான் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்த எனக்குத் தெரியாது. ஆறு கட்டிலா பத்துக் கட்டிலா என்பதையும் அவரிடமே கேட்டேன். ஆறு கட்டில்தானாம்; ராத்திரி டூட்டிக்காரர் நாலு பேர் பகலில் அதே கட்டிலில் படுத்தார்களாம்.

நான் கண்ணீரோடு கட்டியதைவிட அந்தப் பல் எவ்வளவு பெரிய கதை! எழுதிய நாலையும் கிழித்தேன். அதிலிருந்து நோட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: பார்த்ததை எழுதுவேன், காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விடுவேன். 'மீன் இல்லை' என்று 2009-இல் எழுதியவன் 'தங்கச்சி கல்யாணத்துக்காக' என்றும் சேர்த்து எழுதியிருந்தால், நான் போன் போட்டே இருக்க மாட்டேன்.

கடைசியில் அனுமதி கேட்டேன். "பல்லை எழுதிக்க. பேரை எழுதாத. எம் பொண்ணு படிப்பா" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆமா, அந்த மூணு மாச மீன் காசை எனக்கு ஒழுங்காக் கழிச்சியா?" என்று கேட்டார்.

நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பதின்மூன்று வாரத்துக்குத்தான் கழித்திருந்தேன். ஒரு வாரம் விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஷார்ஜாவிலிருந்து ஒரு ஸ்டோர்காரன்